116 படிகளும் ஒரு இஞ்சு டேப்பும்: காசு செலவழிக்காமல் உடம்பை அசைத்த கதை

என்னிடம் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒற்றை அறைக் கடையில் 19 வருடமாக பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். வாடிக்கையாக வருகிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். அளவு மாறினால் பழையதை அடித்துவிட்டு மேலே புதியதை எழுதுவேன். பக்கங்களைப் புரட்டினால் எங்கள் ஊர் எப்படிப் பெருத்துக்கொண்டு வருகிறது என்று பார்க்கலாம். தன் கல்யாணத்துக்கு 32 தைத்தவள் மகளின் சீருக்கு 40 தைக்கிறாள். "இதே அளவுதான்க்கா, ஆனா கொஞ்சம் லூசா" என்று யாராவது சொன்னால், அந்தக் 'கொஞ்சம்' இரண்டு அங்குலம் என்று கேட்காமலே எழுதிக்கொள்வேன்.

என் பக்கத்தை மட்டும் நான் புரட்டியதே இல்லை. தைக்கிறவளுக்கு எதற்கு அளவு? இறுக்கினால் உள்தையல் ஒன்றைப் பிரித்துவிட்டால் ஆயிற்று. அப்படியே பிரித்துப் பிரித்து, ஒரு நாள் உள்ளே விட்டிருந்த துணியும் தீர்ந்துபோனது. அந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வரும் ஆபத்து அதிகம் என்று அர்த்தமாம். எனக்கு அப்போது வயது 46.

நடங்க, முடிந்தால் ஜிம்மில் சேருங்க என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு ஜிம்மில் விசாரித்தேன். மாதம் 1,200 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் தனி. 1,200 என்பது நான்கு லைனிங் பிளவுஸின் கூலி. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல் பணம் இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது. சரி, வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அதன் பிறகு ஒன்றேகால் வருடமாக என்ன செய்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் ஒரு நினைப்பை விட வேண்டும். மலையில் இருக்கிறோம், நமக்குத் தனியாக என்ன நடை என்கிற நினைப்பு. அது என் அம்மாவுக்குப் பொருந்தும். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். முதுகில் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, சாயங்காலம் எடை போட்டுவிட்டு, வரும் வழியில் விறகும் பொறுக்கிக்கொண்டு லைன் வீட்டுக்கு வருவாள். எனக்கு அப்படியா? நாளுக்கு ஒன்பது மணி நேரம் ஸ்டூலில். 2016-இல் கால் மிஷினுக்கு மோட்டார் மாட்டினேன், காலுக்கு இருந்த ஒரு வேலையும் போனது. 2024-இல் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத மகளிர் விடியல் பயணம் மலைப் பகுதிக்கும் வந்தது. அதுவரை டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க ஏற்றத்தில் நடந்தே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து மூன்று ஸ்டாப்புக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். திட்டத்தில் குறை இல்லை, என் சோம்பலைச் சொல்கிறேன். இன்றைக்கு என் நடைக்கு ஆதாரமே அந்தப் பஸ்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மகள் ஒரு விஷயம் சொன்னாள். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஆராய்ச்சி வெளியிட்டாராம். அங்கே மாடி வைத்த பஸ். டிரைவர் உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரே பஸ், ஒரே ரோடு. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. "நீயும் அப்பாவும் டிரைவர்மா" என்றாள். வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். அவருக்கு ஸ்டியரிங், எனக்கு மிஷின், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு நடந்தால் போதும்? உலக சுகாதார நிறுவனக் கணக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. மூச்சு வாங்கும் உழைப்பு என்றால் அதில் பாதி, 75 நிமிடம் போதும். கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. மிதமா, கடினமா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச்சே வரவில்லை என்றால் கடினம். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் இரண்டாவது வகை இலவசமாகக் கிடைக்கும். சமவெளிக்காரர்கள் ஜிம்மில் காசு கொடுத்து மிஷினைச் சாய்த்து வைத்து நடக்கிறார்களாம்.

அப்புறம், ஒரு நாளைக்கு 10,000 அடி எடுத்து வைக்க வேண்டும் என்கிற அந்தக் கணக்கு. அதற்காக வாட்ச் வாங்காதீர்கள். 1965-இல் ஜப்பானில் ஒரு அடியெண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டபோது வைத்த பெயர் அது. மருத்துவக் கணக்காகப் பிறந்ததில்லை. போன் எண்ணும் அடியும் நமக்குச் சரிப்படாது. என் வீட்டுக்கு ஏறும் படியில் வைக்கிற 116 அடியும் தார் ரோட்டில் வைக்கிற 116 அடியும் அதற்கு ஒன்றுதான். நம் முழங்காலுக்கு அப்படி இல்லை.

ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள்

என் வீடு மார்க்கெட்டுக்கு மேலே சரிவில் இருக்கிறது. ரோட்டில் 25 நிமிட ஏற்றம், அதன் பிறகு சிமென்ட் படி 116. முதல் நாள் படியில் மட்டும் நான்கு இடத்தில் நின்றேன். நான்காவது இடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே விட்டேன். அந்த வீட்டு அக்கா எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். "என்ன புள்ள, நாங்க சம்பளத்துக்கு ஏறுறோம், நீ சும்மா ஏறுறியா" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஏறுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

எஸ்டேட் பெண்கள் சரிவில் ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். அவசரமே இருக்காது, ஆனால் நிற்கவும் மாட்டார்கள். நாம் முதல் இருபது படியை வேகமாக ஏறிவிட்டு இருபத்தொன்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசிப் படியில் எந்த வேகம் இருக்குமோ அந்த வேகத்தில்தான் முதல் படியை ஏற வேண்டும். பாதம் முழுவதும் படியில் பதியட்டும். விரல் நுனியில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். குதிகாலால் அழுத்தி எழுந்தால் தொடையும் பிட்டமும் வேலை செய்யும், முழங்காலுக்குச் சுமை குறையும். கையால் முட்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும் பழக்கம் வந்துவிட்டால் அந்த உதவி இல்லாமல் பிறகு ஏற வராது. வாயை மூடி மூக்கால் மூச்சு விட முடிகிற வேகம்தான் ஆரம்பத்தில் சரியான வேகம்.

திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திருக்கும் உறவினரை முதல் நாளே இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். என் தங்கை வீட்டுக்காரர் முதல் நாள் இங்கே பெட்ஃபோர்டு பகுதி வரை வேகமாக நடந்துகாட்டிவிட்டு மறுநாள் முழுக்கத் தலைவலி என்று படுத்திருந்தார்.

இனி பஸ் விஷயம். மலையில் நடப்பதில் இருக்கும் சிக்கல், போனால் திரும்ப வேண்டும் என்பதுதான். ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்து முழங்கால் வீங்கி விட்டுவிட்டவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே ஐந்தாறு பேர். நான் ஒரு வழி மட்டும் நடக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து ஏறுவேன், காலையில் பஸ்ஸில் இறங்கியிருப்பேன். செவ்வாயும் சனியும் காலையில் நடந்து இறங்குவேன், சாயங்காலம் பஸ். படி மட்டும் எல்லா நாளும் உண்டு, அதற்குப் பஸ் விடவில்லையே. ரோட்டில் ஏறுவது மூன்று நாள் 25 நிமிடம், கடின உழைப்புக் கணக்கில் 75 ஆகிவிட்டது. ஆண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு வழிக்குத்தான், ஜிம் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

இறங்குவது வெறும் ஓய்வுதானே என்று நானும் நினைத்திருந்தேன். மகள் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் அதை மாற்றியது. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஆராய்ச்சி நடந்ததாம். கொஞ்ச மாதம் ஆட்களை மலை ஏற மட்டும் விட்டு, இறங்கும்போது கேபிள் காரில் அனுப்பினார்கள். அப்புறம் அதையே திருப்பி, கேபிள் காரில் ஏற்றிவிட்டு நடந்து இறங்கச் சொன்னார்கள். ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. இறங்கியபோது உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் தேறியது. கெட்ட கொழுப்பு இரண்டிலுமே குறைந்தது. எனக்கு இருக்கும் பிரச்சினை சர்க்கரை என்பதால் செவ்வாயும் சனியும் எனக்கு முக்கியமான நாட்கள். அவர்களுக்குக் கேபிள் கார், எங்களுக்கு டவுன் பஸ்.

ஆனால் இறக்கம்தான் ஆளைக் காயப்படுத்துவது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அதில் நுண்ணிய அளவில் கிழிசல் உண்டாகும். அதனால் வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும். முதல் வாரம் நான் ஸ்டூலில் உட்காரவே கையை ஊன்றினேன். பயப்பட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது தடவைக்குள் தசை பழகி வலி குறைந்துவிடும். வலி தொடையில் இருந்தால் தொடருங்கள். முட்டிச் சிப்பியைச் சுற்றிக் குத்தினாலோ வீங்கினாலோ இறக்கத்தை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது சின்னச் சின்ன அடி. முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும், விறைப்பாக ஊன்றினால் அடி நேராக மூட்டில் விழும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். கழுதைப் பாதை அப்படித்தானே போகிறது. கையில் கனமான பை வேண்டாம். குடை கம்பாகவும் உதவும், அதனால் வளைந்த கைப்பிடி வைத்த பழைய நீளக் குடையே எங்களுக்கு நல்லது. மூன்றாக மடிக்கும் குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், ஊன்றவும் ஆகாது.

செலவழிக்க வேண்டிய ஒரே இடம்

போன மழைக்காலத்தில் விழுந்தேன். இரண்டு நாள் விடாத மழை, படியில் பச்சைப் பாசி. காலில் தேய்ந்த ஹவாய் செருப்பு. 40 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று வாரைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த செருப்பு. எழுபதாவது படியிலோ எண்பதாவது படியிலோ கால் வழுக்கி வலது கையை ஊன்றினேன். எலும்பு முறியவில்லை, ஆனால் மணிக்கட்டுப் பிசகி மூன்று வாரம் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. எந்த மூன்று வாரம்? தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம். தையல்காரிக்கு வருடத்துக்கே அதுதான் வருமானம். வாங்கி வைத்திருந்த 38 பிளவுஸ் துணியைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்துவிட்டு, போன் செய்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் ஷூ வாங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கேன்வாஸ் ஷூவே போதும், நான் வாங்கியது 450 ரூபாய். கடையில் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஆழமான பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும், பள்ளம் தேய்ந்த அன்று அதன் ஆயுள் முடிந்தது. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போகும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதும் அதற்குத்தான். நனைந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலையில் ஈரம் பாதி போயிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும்.

நான் விழுந்த பிறகு எங்கள் தெருவில் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு பிளீச்சிங் பவுடர் வாங்கிப் படியைத் தேய்த்தோம். இப்போது மழைக்கால மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்க்கிறோம். துடைப்பக் கட்டையால் 116 படி தேய்த்துப் பாருங்கள், அதுவே பெரிய உடற்பயிற்சி.

வேறு எதுவும் வாங்கவில்லை. தண்ணீருக்கு வீட்டில் இருந்த ஸ்டீல் பாட்டில். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடியுங்கள். ஸ்வெட்டரோடு கிளம்பி, உடம்பு சூடானதும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றவுடன் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்வையோடு மூடுபனியில் நின்றால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

பாபின் தீர்ந்தால் எழுந்திரு

காலையில் நடந்துவிட்டு ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நடந்ததில் பாதி வீண் என்று மகள் சொல்கிறாள். அலாரம் வைத்துப் பார்த்தேன். காலர் வளைத்துக்கொண்டிருக்கும்போது அடித்தால் எரிச்சல்தான் வரும், அணைத்துவிடுவேன். அப்புறம்தான் தோன்றியது, என் மிஷினிலேயே அலாரம் இருக்கிறதே என்று. விடாமல் தைத்தால் பாபின் நூல் எனக்கு முக்கால் மணிக்கு ஒருமுறை தீரும். தீர்ந்தால் எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். இப்போது பாபின் தீரும்போதெல்லாம் கை ஊன்றாமல் ஸ்டூலிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறேன். பிறகு வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து குதிகாலை இருபது முறை ஏற்றி இறக்குவேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு பாபின். அப்படியென்றால் எழுந்து உட்காருவது மட்டும் 60, 70 முறை. உங்களுக்குப் பாபின் இல்லாவிட்டால் வேறு ஏதாவது தீரும், பாருங்கள். டீக்கடைக்காரருக்கு ஒரு பாய்லர், மளிகைக் கடைக்காரருக்கு ஒரு கட்டுப் பை, ஆபீஸில் இருப்பவருக்கு ஒரு ஃபைல்.

மோட்டாரைக் கழற்றிவிடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், பிழைப்பு போய்விடும். ஆனால் ஃபால்ஸ் அடிப்பது, பாவாடை ஓரம் அடிப்பது போன்ற நேர்த்தையலை இன்னொரு பழைய கால் மிஷினில்தான் அடிக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மார்க்கெட்டை ஒரு சுற்று, பத்து நிமிடம். சாப்பிட்டவுடன் நடந்தால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. நடக்க வேண்டிய நேரம் அதுதான், எனக்குத் தூக்கம் வரும் நேரமும் அதுதான்.

தசைக்கு வாரம் இரண்டு நாள் என்றேன் அல்லவா, அதற்கு 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் 5 கிலோ. அரை கேனில் ஆரம்பித்தேன், பிசகின கைக்கு அதுவே அதிகமாக இருந்தது. கேனைத் தொங்கவிட்டு முன்பக்கம் குனிந்து முழங்கையைப் பின்னால் இழுப்பது முதுகுக்கு. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவர்களுக்கு இது ஒன்று போதும் என்றே சொல்வேன், தோள்பட்டை வலி எனக்குப் பாதியாகக் குறைந்தது இதில்தான். கட்டிங் டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து எழும் தண்டால் நெஞ்சுக்கும் கைக்கும். டேபிள் ஆடாமல் சுவரோரம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தடவை. கடைசி இரண்டு கஷ்டமாக இருந்தால் எடை சரி. சுலபமாக இருந்தால் கேனில் தண்ணீரைக் கூட்டுங்கள். ரேஷன் அரிசி வாங்கும் நாளில் இது வேண்டாம். அரிசியை இரண்டு பையில் சமமாகப் பிரித்து, இரண்டு கையிலும் தொங்கவிட்டு, தோளைத் தூக்காமல் நிமிர்ந்து படி ஏறினால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரே பையை ஒரு பக்க இடுப்பில் வைத்து ஏறுவதைத்தான் விட வேண்டும்.

காட்டெருமை, மழை, ஊர் வாய்

காலை ஆறரைக்கு முன்னால், சாயங்காலம் ஆறுக்குப் பின்னால் நடக்காதீர்கள். காட்டெருமை இப்போது தெருவுக்குள்ளேயே வருகிறது, கரடியும் சிறுத்தையும்கூட. காட்டெருமை சாதுவாகப் புல் மேய்வதைப் பார்த்து ஏமாந்து பக்கத்தில் போகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அது ரோட்டில் நின்றால் நாம்தான் நிற்க வேண்டும். தானாகப் போகும்வரை தள்ளி நில்லுங்கள். அதற்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் புகுந்து போகவே கூடாது, குட்டியோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மூடுபனி இருக்கும் நாளில் தேயிலைத் தோட்டத்துப் பாதை வேண்டாம், பத்தடிக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. ரயில் பாதையும் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் அது நடைபாதை இல்லை. சிம்ஸ் பார்க் 1874-லிருந்து இருக்கிற சரிவுத் தோட்டம், நடக்கவும் அருமையான இடம். ஆனால் நுழைவுக் கட்டணம் உண்டு, தினமும் கட்டுப்படியாகாது. மே மாதம் சுற்றுலா வண்டிகள் வளைவில் ஒதுங்க இடம் தராது, அப்போது படியை மட்டும் நம்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வெளியே போக முடியாத நாள் வரும். வீட்டு வாசலில் ஒரே ஒரு படி இருந்தால் போதும். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கீழே, இடது கீழே. ஐந்து நிமிடம் கழித்து எந்தக் காலை முதலில் வைக்கிறீர்களோ அதை மாற்றுங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். ரேடியோவில் பாட்டு ஓடினால் நேரம் போவது தெரியாது. வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். இப்போது நான் இறங்கியதும் அவர் ஏறுகிறார்.

ஊர் வாய் ஒன்று இருக்கிறது. ஆண்கள் ட்ராக் பேண்ட் போட்டு நடந்தால் வாக்கிங். நாம் புடவையில் சும்மா நடந்தால், வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறாள். ஆரம்பத்தில் என்னிடம் மூன்று பேர் "எங்கம்மா இந்த நேரத்துல" என்று கேட்டார்கள். கையில் ஒரு வெறும் கட்டைப் பையை எடுத்துக்கொண்டேன். பை இருந்தால் யாரும் கேட்பதில்லை, கடைக்குப் போகிறாள் என்று விட்டுவிடுகிறார்கள். நான்கு மாதம் அந்தப் பையோடு நடந்தேன். இப்போது படியில் என்னோடு மூன்று பெண்கள் ஏறுகிறார்கள், நாலு பேராக இருந்தால் பையும் வேண்டியதில்லை.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், பையில் ஒரு துண்டு வெல்லமாவது இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் வாயில் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ வலி கைக்கும் தாடைக்கும் போனாலோ வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் போடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ரத்தக் கொதிப்பு பார்க்கவும் காசு வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வரும்போது கையை நீட்டினால் போதும்.

இஞ்சு டேப்

எடை மிஷின் வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் என் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது, அதை மட்டும் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். பிளவுஸ் வேறு கதை சொன்னது. 20 ரூபாய் இஞ்சு டேப் போதும். ஆனால் பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டிருக்கும், இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், உள்பாவாடை நாடாவையும் கொசுவத்தையும் விலக்கி, வெறும் உடம்பில் அளக்க வேண்டும். கொசுவத்தின் மேல் அளந்தால் இரண்டு அங்குலம் பொய் சேரும். டேப் முதுகுப் பக்கம் கீழே சரியாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவர்களை நான் 19 வருடமாகப் பார்க்கிறேன், பிளவுஸ்தான் கடைசியில் வெடிக்கும். நம் நாட்டு உடம்புக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். டேப்பில் பார்த்தால் 31½ அங்குலமும் 35½ அங்குலமும்.

மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி காலையில், சாப்பிடுவதற்கு முன் அளக்கிறேன். அளவு நோட்டில் எனக்கும் இப்போது ஒரு பக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் 36½. விழுந்து கிடந்த மாதத்தில் அரை அங்குலம் ஏறியது, அதையும் அடிக்காமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதம் 33. சர்க்கரைச் சராசரி 5.8. இன்னும் ஒன்றரை அங்குலம் பாக்கி இருக்கிறது.